பூட்டுத்தையல்

அடம் பிடிக்கும் குழந்தைக்கு வேஷம் மாட்டுவது எப்படி என்று கேட்டால் நான் ஒரு மணி நேரம் விடாமல் பேசுவேன். பேசியும் இருக்கிறேன், பெருமையாக. மாறுவேட உடைகளை வாடகைக்கு விடும் கடையில் பன்னிரண்டு வருஷம் தையல்காரியாக இருந்தேன். தைப்பது பாதி வேலைதான். பள்ளிக்கூடத்துக்கு மூட்டையோடு போய்ப் பிள்ளைகளுக்கு மாட்டிவிட்டு, மேடையை விட்டு இறங்கியதும் கழற்றிக்கொண்டு வருவது மீதிப் பாதி.

குழந்தையிடம் "போட்டுக்கிறியா?" என்று கேட்கவே கூடாது. கேட்டால் "மாட்டேன்" என்றுதான் வரும். "முதல்ல காலா, கையா?" என்று கேட்க வேண்டும். அது யோசிக்க ஆரம்பிக்கும், அதற்குள் ஒரு காலை உள்ளே விட்டுவிடலாம். வாலை முதலில் கையில் கொடுத்து விளையாட விட வேண்டும். கண்ணாடியைக் கடைசியில்தான் காட்ட வேண்டும். பெற்றவளை அறைக்குள் விடவே கூடாது. இத்தனைக்கும் மசியாவிட்டால், "ஒரே ஒரு நிமிஷம் கண்ணு" என்று வாய் கூசாமல் பொய் சொல்ல வேண்டும்.

அதற்கும் அடங்காத பிள்ளைகளுக்குப் பூட்டுத்தையல். எங்கள் கடைக்காரர்கள் வைத்த பெயர். எங்கள் உடைகளுக்கெல்லாம் முதுகில் ஜிப். ஜிப்பை மேலே ஏற்றிவிட்டு, அதன் தலையைக் கழுத்துத் துணியோடு சேர்த்து இரட்டை நூலில் எட்டுத் தையல் போட்டுவிடுவோம். பிறகு பிள்ளை எவ்வளவு திமிறினாலும் ஜிப் இறங்காது. கத்தரி இல்லாமல் யார் வந்தாலும் கழற்ற முடியாது. அதனால் ஒரு விதியும் உண்டு. தைத்தவள் அந்தப் பிள்ளையை விட்டு நகரக் கூடாது, கத்தரி அவள் இடுப்பிலேயே தொங்க வேண்டும். முதலாளியம்மா தையலையும் விதியையும் சேர்த்துத்தான் சொல்லிக்கொடுத்தாள். நான் ஒன்றை மட்டும் செய்தேன்.

அக்காவின் மகளை மிளகு என்று கூப்பிடுவோம். உருவமும் அவ்வளவுதான், காரமும் அவ்வளவுதான். நாலரை வயது. பள்ளி விழாவில் அவளுக்கு ஆட்டுக்குட்டி வேஷம். உடையை நானே தைத்தேன். வெள்ளை நைலானில் உடம்பு, அதன்மேல் பஞ்சைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி ஒட்டினேன். இரண்டு நாள் வேலை. சொந்த அக்கா மகள் அல்லவா, மற்ற பிள்ளைகளுக்கு ஒட்டுவதைப் போல இரண்டு மடங்கு பஞ்சு.

"எனக்கு ஆடு வேணாம். நான் மிளகாவே வர்றேன்" என்றாள்.

"மிளகு மேடையில தெரியாதுடி. ஆடு தெரியும்."

"கழுத்துல குத்துது."

பசை காய்ந்து கழுத்துப்பட்டையில் முரடாகியிருந்தது, குத்தத்தான் செய்யும். நான் விடவில்லை. இரண்டு முறை மாட்டினேன், இரண்டு முறையும் கழற்றிவிட்டாள். அவளுக்குக் கை எட்டாது. பக்கத்தில் தவளை வேஷத்தில் நின்ற பிள்ளையிடம் முதுகைக் காட்டி, "இழு" என்று சொன்னாள், அதுவும் இழுத்துவிட்டது. அந்த வயதில் அப்படி ஒரு மூளை. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. மேடைக்கு இன்னும் கால் மணி நேரம்தான் இருந்தது. ஊசியை எடுத்தேன்.

"என்ன பண்ற சித்தி?"

"ஒண்ணுமில்லடா. ஒரு சின்ன ஊக்கு. எப்ப வேணாலும் கழட்டிக்கலாம்."

"நீ தைக்கிற."

"தைக்கல. சித்தின்னு ஒரு குரல் குடு, ஒரே ஓட்டமா வந்து கழட்டிடறேன்."

எட்டுத் தையல் போட்டு நூலைப் பல்லால் கடித்தேன். பஞ்சு வாசனை மூக்கில் ஏறியது இன்னும் நினைவிருக்கிறது.

அன்றைக்கு நான் வெறும் தையல்காரியாக இருந்திருந்தால் அவளை விட்டு நகர்ந்திருக்க மாட்டேன். ஆனால் நான் சித்தி. கூடத்தில் மூன்றாவது வரிசையில் அக்கா எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். மிளகு மேடைக்கு வருவதை முன்னால் இருந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. இடுப்பில் கத்தரி தொங்கினால் நன்றாக இருக்காது என்று அதை அவிழ்த்துப் பைக்குள் போட்டேன். பையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். "அடங்கிட்டாளா?" என்று அக்கா கேட்டாள். "நம்மகிட்டயா?" என்றேன்.

மேடைக்குப் பின்னால் மிளகு காத்து நின்ற குறுகலான நடையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மெழுகுவர்த்தி நடனத்துக்காக வரிசையாகப் போயிருக்கிறார்கள். ஒரு மெழுகுவர்த்தி. நைலானும் பஞ்சும் எவ்வளவு வேகமாகப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? இஸ்திரிப் பெட்டியைக்கூட அதன் பக்கத்தில் கொண்டுபோக மாட்டோம். அவள் டீச்சர் வெறும் கையால் ஜிப்பை இழுத்திருக்கிறாள். இறங்கவில்லை. கழுத்தைப் பிடித்துக் கிழித்துப் பார்த்திருக்கிறாள். என் தையல் கிழியுமா? கடைசியில் யாரோ ஒரு காவலாளி தரைவிரிப்பைச் சுருட்டி அவள்மேல் போட்டு அணைத்தான்.

"அம்மான்னு கத்தல. சித்தி சித்தின்னுதான் கத்தினா" என்று டீச்சர் பிறகு சொன்னாள். அக்கா அதைக் கேட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "பாரு, அந்த நேரத்துலயும் உன்னைத்தான் கூப்பிட்டிருக்கா." பிள்ளைக்கு என்மேல் அவ்வளவு பாசம் என்று எல்லாரும் நினைத்தார்கள். கத்தரி என்னிடம் இருந்தது என்பது எனக்கும் மிளகுக்கும் மட்டும்தான் தெரியும்.

இடது பக்கம் முழுக்க வெந்துபோயிருந்தது. கழுத்தோரம், அக்குள், முழங்கை வரைக்கும். ஆஸ்பத்திரி வராந்தாவில் டீச்சர் இரண்டு கையிலும் கட்டோடு நின்று அக்காவிடம் சொன்னாள், "ஜிப் நகரவே இல்லங்க. அது தலையில ஏதோ நூல் மாதிரி கையில தட்டுச்சு. யாரோ தைச்சு வெச்ச மாதிரி."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். சந்தேகமாக அல்ல. விவரம் தெரிந்தவள் நான்தான் என்று பார்த்தாள்.

"ஜிப் சிக்கியிருக்கும். துணி மாட்டிக்கிட்டா அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் அல்ல அது. என் வாய் பழகிய பொய்களில் ஒன்று, தானாக வந்தது. உடை உருகிப் போயிருந்ததால் தையலுக்குச் சாட்சியும் இல்லை. முதலாளியம்மாவுக்குத் தெரியும். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆமா, பழைய ஜிப்" என்று மட்டும் சொன்னாள். லாரி ஓட்டப் போயிருந்த மாமா, மிளகின் அப்பா, மறுநாள் வந்து பள்ளிக்கூடத்தில் கத்தியதில் டீச்சருக்கு வேலை போயிற்று. ஒரு ஜிப்பைத் திறக்கத் தெரியாதவள் என்று ஊரெல்லாம் பேச்சு. நான் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

பதினோராவது நாள் மிளகு வாய் திறந்து பேசினாள். முதல் பேச்சே அதுதான்.

"அம்மா, சித்தி தைச்சுட்டா."

நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். இப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். "காய்ச்சல்ல உளறுதுக்கா" என்றேன்.

அக்கா அவள் தலையைத் தடவினாள். "இல்லடா செல்லம். ஜிப் சிக்கிருச்சு. சித்தி ஒண்ணும் பண்ணல."

மிளகு மறுபடி சொல்லவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே அவள் எடுக்கவில்லை. தீயில் விட்டுப் போனது ஒரு பாவம் என்றால், பிள்ளையைப் பொய்க்காரி ஆக்கியது அதைவிடப் பெரிய பாவம். முதலாவதை நான் தெரிந்து செய்யவில்லை.

இரண்டு ஆபரேஷன். தொடையிலிருந்து தோலை எடுத்து ஒட்டினார்கள். ஒட்டிய தோல் தடித்துச் சுருங்கும், அக்குளை இழுத்துப் பிடித்துவிடும், கை மேலே போகாது என்றார்கள். அது சுருங்காமல் இருக்க இறுக்கமான மேல்சட்டை ஒன்று அளவெடுத்துத் தைத்துத் தருவார்கள். இரப்பர் கலந்த துணி, இடது பக்கம் முழங்கை வரை கை, முதுகில் ஜிப். நாளில் இருபத்து மூன்று மணி நேரம் போட வேண்டும். குளிக்க ஒரு மணி நேரம் விடுப்பு. ஒன்றரை வருஷம்.

அதை மிளகு போட மறுத்தாள்.

சாதாரண மறுப்பு இல்லை. சட்டையைக் கண்டதும் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். பிடித்தால் கடிப்பாள். நர்ஸ் ஒருத்தியின் கட்டைவிரலில் பல் பதிந்தது. வலிக்குப் பயப்படுகிறாள், இறுக்கத்துக்குப் பயப்படுகிறாள் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பொம்மைக்கு அதே போலச் சட்டை போட்டுக் காட்டினார்கள். நட்சத்திரம் ஒட்டினார்கள். ஒரு நாள் நாலு பேர் சேர்ந்து அமுக்கி மாட்டினார்கள். மத்தியானம் வீட்டில் அக்கா சமையலறைக்குப் போன நேரத்தில் பிள்ளை எப்படியோ கத்தரியை எடுத்து, கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு, வயிற்றிலிருந்து கழுத்து வரை அதை வெட்டித் தள்ளிவிட்டாள். வயிற்றுத் தோலிலும் ஒரு வெட்டு.

நான் எப்போது அவர்கள் வீட்டுக்குப் போனாலும் அவள் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள். நான் அறைக்குள் நடந்தால் அவளும் முதுகு தெரியாதபடி மெல்லத் திரும்புவாள். "முதுகு அரிக்குது போல" என்பாள் அக்கா. நான் ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டு சீக்கிரம் கிளம்பிவிடுவேன்.

அடுத்த சட்டை வர மூன்று வாரம் ஆயிற்று. வந்த அன்று காலை அக்கா என்னைக் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். "உன் வேலையே இதுதானேடி. ஆயிரம் பிள்ளைங்களுக்கு மாட்டிவிட்டவ. இவளுக்கு மட்டும் ஏன் கை வைக்கவே மாட்டேங்கிற?" என்றாள்.

உடற்பயிற்சி அறையில் பிள்ளைகளுக்குக் கை பழக்கும் அம்மாவுக்கு மிளகு வைத்த பெயர் டேப் அம்மா. எந்நேரமும் கழுத்தில் அளவு டேப். கறார் பேர்வழி, ஆனால் பிள்ளைகளிடம் பொய் சொல்ல மாட்டாள். வலிக்கும் என்றால் வலிக்கும் என்றே சொல்வாள். வந்தவுடன் மிளகைச் சுவரோரம் நிற்க வைத்து இடது கையைத் தூக்கச் சொன்னாள். விரல்நுனி எட்டும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. ஒவ்வொரு வாரமும் போட்ட கோடுகள் அங்கே இருந்தன. மேலே ஏற வேண்டிய கோடுகள் மூன்று வாரமாகக் கீழே இறங்கியிருந்தன. இன்றைய கோடு அவள் தோளுக்குக் கொஞ்சம்தான் மேலே இருந்தது.

"இந்த வாரம் போடலேன்னா மறுபடி ஆபரேஷன்தான். மறுபடி தொடையில தோல் எடுக்கணும். அப்புறமும் இதே சட்டைதான். போடாம தப்பிக்க வழியே இல்ல" என்றாள் டேப் அம்மா.

"ஜிப்பை முன்னாடி வெக்கக் கூடாதா?" என்று அக்கா கேட்டாள்.

"முன்னாடி வெச்சா பிள்ளைங்க தானே கழட்டிடுதுங்க. அதனாலதான் பின்னாடி."

அதுதான் எங்கள் தொழிலும். மிளகு சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் முட்டி போட்டு உட்கார்ந்தேன். "முதல்ல எந்தக் கை, மிளகு? இதுவா, அதுவா?" சட்டையை என் தலையில் மாட்டிக்கொண்டு கோமாளித்தனம் செய்தேன். சிரிப்பு வரவில்லை. பன்னிரண்டு வருஷ வித்தை ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தது. கடைசியில், எப்போதும் போல, "ஒரே ஒரு நிமிஷம்டா..." என்று ஆரம்பித்தேன்.

"நீ தைப்ப" என்றாள்.

அக்கா, "என்ன சொல்றா?" என்றாள்.

"தைக்க மாட்டேன்டா" என்றேன்.

"அன்னைக்கும் அப்படித்தான் சொன்ன."

சத்தமாகச் சொல்லவில்லை. அம்மாவின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள், உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று பழகிப்போன பார்வை அது. நாலரை வயதில் அந்தப் பார்வையை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவள் நான்.

"அந்தப் பேச்சு இப்ப எதுக்குடா செல்லம்?" என்று அக்கா குனிந்தாள். "அது ஜிப் சிக்கி..."

"அக்கா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். "அக்கா, ஜிப் சிக்கல. நான் தைச்சேன்."

டேப் அம்மா பென்சிலைக் கீழே வைத்தாள்.

"அடங்கலைன்னு கழுத்துல எட்டுத் தையல் போட்டேன். ஊக்குன்னு பொய் சொன்னேன். கூப்பிட்டா ஓடி வந்து கழட்டறேன்னு சொன்னேன். அப்புறம் கத்தரியை எடுத்துக்கிட்டு வந்து உன் பக்கத்துல உக்காந்துட்டேன். டீச்சர் கையில தட்டுனது என் நூல்தான். இவ உளறல. இவ சொன்னது முழுக்க நெசம்."

அதைச் சொல்லும்போது நான் மிளகைப் பார்த்துத்தான் சொன்னேன். அக்காவைப் பார்க்கும் துணிவு எனக்கு இல்லை. மிளகு வாயை லேசாகத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். நம்புகிறாளா என்று பார்த்தாள்.

அக்கா கத்தவில்லை. என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மிளகுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"நீ சொன்னப்ப அம்மா நம்பலையேடா" என்றாள். "தப்பு பண்ணிட்டேன்டா கண்ணு. தப்பு பண்ணிட்டேன்."

மிளகு அழ ஆரம்பித்தாள். கட்டுப் பிரிக்கும்போதுகூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொள்ள இரண்டு கையையும் தூக்கினாள், இடது கை பாதியில் நின்றுவிட்டது.

அழுகை ஓய்ந்த பிறகு அக்கா சட்டையை எடுத்தாள். "அம்மா போட்டுவிடறேன். சரியா?" மிளகு தலையாட்டினாள். இடது கையை உள்ளே விடும்போது வலியில் முகம் கோணிற்று, ஆனால் விலகவில்லை. பிறகு மெல்ல, ஒவ்வொரு அடியாக, சுவரை விட்டுத் திரும்பி முதுகைக் காட்டினாள். அக்கா ஜிப்பை மேலே ஏற்றினாள். பிள்ளையின் உடம்பு விறைத்துப் போயிற்று. மூச்சு விடவில்லை. கையைப் பின்னால் கொண்டுபோய்க் கழுத்தைத் தொட முயன்றாள், எட்டவில்லை.

"ஒண்ணும் தைக்கலடா, அம்மாதானே போட்டேன்" என்றாள் அக்கா.

"சித்தி பாக்கட்டும்."

அக்கா ஜிப்பிலிருந்து கையை எடுத்தாள்.

"சித்திக்குத்தான் தெரியும் எங்க தைப்பாங்கன்னு. சித்தி பாக்கட்டும்."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு எனக்கு வழி விட்டாள். நான் பக்கத்தில் போனேன். ஜிப்பின் தலை, அதற்கு மேலே துணியின் விளிம்பு, அதற்கு மேலே மினுமினுவென்று சிவந்த தோல். எட்டுத் தையலும் விழுந்த இடம் எதுவென்று எனக்கு அத்துப்படி. விரலால் தொடாமல் கண்ணால் தடவிப் பார்த்தேன். ஜிப்பைக் கொஞ்சம் இறக்கி, மறுபடி ஏற்றிக் காட்டினேன்.

"தையல் இல்ல, மிளகு" என்றேன்.

அவள் மூச்சை விட்டாள்.

வராந்தாவுக்கு வந்ததும் அக்கா என் பக்கம் திரும்பினாள். பிள்ளை டேப் அம்மாவோடு உள்ளே இருந்தாள். "அந்த டீச்சர் கட்டுப்போட்ட கையோட நின்னா. ஒரு ஜிப்பைத் திறக்கத் தெரியாத உனக்கு எதுக்குடி பிள்ளைங்க வேலைன்னு கேட்டேன். நீ பக்கத்துலதான நின்ன. கேட்டுக்கிட்டுதான நின்ன" என்றாள். நான் வாய் திறந்தேன். "பேசாத. இனி எங்க வீட்டுப் படி ஏறாத. செத்தாலும் சொல்லி அனுப்பாத."

அன்று சாயங்காலமே டீச்சர் வீட்டைத் தேடிப் போனேன். அவளே கதவைத் திறந்தாள். தாழ்ப்பாளை நீக்க அவள் உள்ளங்கையின் ஓரத்தைப் பயன்படுத்தினாள், விரல்கள் மடங்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுக்கிறேன், யாரிடம் வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன் என்றேன். அவள் என்னைத் திட்டவில்லை.

"நூல் தட்டுச்சுன்னு நான் சொன்னேன்" என்றாள். "எல்லாரும் இல்லன்னாங்க. கடைசியில என் கைமேலயே எனக்குச் சந்தேகம் வந்துருச்சு." பிறகு கதவைச் சாத்தினாள்.

எழுதிக் கொடுத்தேன். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்ச் சொன்னேன். டீச்சரைத் திரும்ப வேலைக்கு வரச் சொன்னார்கள், அவள் போகவில்லை. முதலாளியம்மா, "இப்ப எதுக்கு இதைக் கிளறின? தைக்காம அதுங்களை எப்படித்தான் மேடை ஏத்தறது?" என்று கேட்டாள். கடையில் இப்போதும் பூட்டுத்தையல் போடுகிறார்கள் என்று கேள்வி. நான் அங்கே இல்லை. திரைச்சீலை தைக்கும் இடத்தில் வேலை செய்கிறேன். ஜன்னல்கள் அடம் பிடிப்பதில்லை.

ஆஸ்பத்திரியில் அதைச் சொன்னதற்கு மறுநாள் காலை ஏழரைக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது. பின்னால் பிள்ளையின் அலறல். அக்கா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"வா."

இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஓடினேன். மூன்று மாடி ஏறும்போது மூச்சு முட்டியது. கதவு திறந்தே இருந்தது. குளித்த ஈரத்தலையோடு மிளகு நடு அறையில் நின்றிருந்தாள், சட்டை போட்டு ஜிப் ஏற்றியிருந்தது. என்னைக் கண்டதும் அலறலை நிறுத்தி முதுகைத் திருப்பினாள்.

"தையல் இருக்கா?"

"இல்ல."

"கத்தரி?"

என் இடுப்பில் இல்லை. அக்காவின் சமையலறைக் கத்தரியை எடுத்துக் காட்டிய பிறகுதான் சமாதானமானாள். மறுநாளிலிருந்து நானே என் கத்தரியை நாடாவில் கோத்து இடுப்பில் கட்டிக்கொண்டு போனேன்.

அப்படியே நடந்தது, நாள்தோறும். காலை ஏழரைக்கு நான் படியேறுவேன். அக்கா கதவைத் திறந்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவாள். மாமா ஊரில் இருந்தால் உள் அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். நான் பிள்ளையின் கழுத்துக்குப் பின்னால் பார்த்து, "தையல் இல்ல" என்பேன், கத்தரியைக் காட்டுவேன், இறங்கிவிடுவேன். உட்காரச் சொன்னது கிடையாது. ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்தது கிடையாது. நான் எதிர்பார்க்கவும் இல்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் போனேன். பிள்ளை வளர வளர மூன்று முறை புதுச் சட்டை வந்தது. புதுச் சட்டை வந்த நாட்களில் மட்டும் அவள் ஒன்றுக்கு இரண்டு தடவை பார்க்கச் சொல்வாள்.

மன்னிப்பு என்றெல்லாம் நான் நினைத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த அரை நிமிஷத்துக்காகத்தான் நான் எழுந்திருந்தேன். ஒருத்திக்கு என் வார்த்தை தேவைப்பட்டது. பொய் சொல்லியே பிழைத்தவளுக்கு நாளுக்கு ஒரு தடவை நெசம் சொல்ல ஒரு வேலை கிடைத்திருந்தது. அவள் என்னோடு வேறெதுவும் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. கை எவ்வளவு தூரம் போகிறது என்று அவள் தலை துவட்டும்போது ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வேன். தோள் வரை, காது வரை, பிறகு உச்சி வரை.

பதினோரு மாதம் ஆகியிருந்தது. ஒரு காலை வழக்கம்போலப் போய்க் கதவைத் தட்டினேன். திறக்க நேரமாயிற்று. அக்கா கதவைப் பாதி திறந்து, அதன் குறுக்கே நின்றாள். அன்று வராந்தாவில் பேசியதற்குப் பிறகு, அந்த ஒற்றை "வா" தவிர, அவள் என்னிடம் பேசியதே இல்லை.

"இனி வர வேண்டாம்" என்றாள். "நாலு நாளா அவ உன்னைக் கேக்கறதில்ல. நீயா வந்து நிக்கிற, பாவம்னு முதுகைக் காட்டறா. நேத்து என்கிட்ட சொன்னா."

"என்ன சொன்னா?"

"தையல் இல்லைன்னு எனக்கே தெரியும்மான்னு சொன்னா."

அவள் தோளுக்குப் பின்னால் உள்ளே தெரிந்தது. மிளகு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அலமாரியின் மேல் தட்டில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலை எக்கி எடுத்தாள், இடது கையால். எடுத்துவிட்டு மூடியைத் திருகினாள். வாசலில் நான் நிற்பதை அவள் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் அவசரத்தில் இருந்தாள்.

இதற்காகத்தானே இத்தனையும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சத்தியமாகச் சந்தோஷம்தான். ஆனாலும் கால் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

"நல்லதுக்கா" என்றேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். இடுப்பில் தொங்கிய கத்தரியையும் பார்த்தாள். "அதைக் கழட்டி வெச்சிடு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. படியின் முதல் திருப்பத்தில் நின்று நாடாவை அவிழ்த்தேன். முடிச்சு இறுகிப் போயிருந்தது, நேரம் பிடித்தது.